வெயில் நாளில் மலைத்தடம்

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் பைக் ஓட்டக் கிளம்புகிறவர் முதலில் கைவிட வேண்டிய நம்பிக்கை, மலை என்றால் குளிர் என்பது. ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கொடைக்கானல் ஏறத்தாழ 2,100. இந்த அத்தியாயத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் 725 மீட்டர்தான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. வேலூரே கடல்மட்டத்துக்கு இருநூறு மீட்டர் மேலே இருக்கிறது. ஆக, வேலூர் 41 டிகிரியில் காயும் நாளில் காவலூரில் 37, 38 இருக்கும். அங்கே 1986 முதல் இயங்கிவரும் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்குத் தெளிந்த வானம் வேண்டும். அதே தெளிந்த வானம்தான் பகலில் நம் ஹெல்மெட்டின் மேல் நேராக இறங்குகிறது.

பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே முடியும்வரை இந்த மலைகளில் ஓட்ட நினைப்பவருக்கான அத்தியாயம் இது. குளிர்காலத்தில் போகலாமே என்று கேட்டால், போகலாம், அது சுகம். ஆனால் பலருக்கு விடுமுறை கோடையில்தான் கிடைக்கிறது. கோடையில் போவதென்றால் ஒரு நாளைக் கிலோமீட்டரால் அளப்பதை விட்டுவிட்டு மணியால் அளக்க வேண்டும். அன்றைய வழியின் மிகக் கடினமான பகுதி, நீங்கள் மிகத் தெளிவாக இருக்கும் நேரத்தில் வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியவை.

எந்தப் பக்கமிருந்து ஏறுவது

ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு நான்கைந்து பக்கங்களிலிருந்து ஏறலாம். கிழக்கே போளூரிலிருந்து அத்திமூர் வழி, தெற்கே செங்கத்திலிருந்து பரமனந்தல் வழி, மேற்கே ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழி, வடக்கே வேலூரிலிருந்து அமிர்தி வழி. எல்லாமே தார்ச்சாலைகள்தான். கரடுமுரடான தடங்கள் மேலே, சிற்றூர்களுக்கு நடுவில் தொடங்குகின்றன.

கோடையில் என் தேர்வு போளூர். காலையில் கிழக்கிலிருந்து மேற்கே ஏறும்போது சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் அதே வழியில் கிழக்கே இறங்கும்போதும் முதுகுக்குப் பின்னால்தான். கிழக்குச் சரிவில் மலையின் நிழலும் சீக்கிரம் விழும். ஆலங்காயம் பக்கம் இறங்கினால் ஐந்து மணிச் சூரியன் நேரே கண்ணில் குத்தும். வளைவில் எதிரே வரும் பஸ் தெரியாது, சாலைக் குழியும் தெரியாது. ஒன்று மட்டும் கவனம்: உங்கள் முதுகில் விழும் வெயில் எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. முகப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வளைவுக்கு வளைவு ஹாரன் அடியுங்கள்.

பெட்ரோலைக் கீழேயே முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். மேலே பெட்டிக்கடையில் பாட்டிலில் கிடைக்கும் பெட்ரோல் அவசரத்துக்கு மட்டும்.

நாளின் கணக்கு

மே மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பது ஆறு மணிக்குச் சற்று முன்னால். ஐந்து மணிக்குப் போளூரில் டீ குடித்துவிட்டு, கண் தெரியும் வெளிச்சம் வந்ததும் ஏறத் தொடங்குங்கள். இருட்டில் ஏற வேண்டாம். அந்த நேரத்தில் காட்டு விலங்குகள் சாலையைக் கடக்கும். சாலையோரம் படுத்திருக்கும் மாடுகளும் கடைசி நொடி வரை தெரியாது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் நாற்பது கிலோமீட்டர் அளவு. ஏழு மணிக்குள் மேலே இருக்கலாம்.

ஏழிலிருந்து பத்து வரை உள்ள மூன்று மணி நேரம்தான் அன்றைய பொன் நேரம். ஏற்றம், பாறை, சரளை எல்லாவற்றையும் இதற்குள் முடித்துவிடுங்கள். பத்திலிருந்து பதினொன்றரை வரை எளிய தடத்தில் ஜமுனாமரத்தூருக்குத் திரும்பும் நேரம். பதினொன்றரையிலிருந்து மூன்றரை வரை பைக்கை நிறுத்திவிட்டு நிழலில் இருங்கள். நான்கு மணி நேரம் சும்மா இருப்பதா என்று இளைஞர்கள் கேட்பார்கள். மலைக்காரர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். விடியும் முன் காட்டுக்குப் போய் வெயில் ஏறும் முன் வீடு திரும்புகிறவர்களுக்கு, நண்பகலில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மேலேறி வருகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருவது நியாயம்தான்.

நாளின் உச்ச வெப்பம் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை, இரண்டுக்கும் மூன்றரைக்கும் இடையில்தான் வருகிறது. ‘உச்சி வெயில் தாண்டிவிட்டது’ என்று ஒன்றரை மணிக்குக் கிளம்புகிறவர் சரியாக அதற்குள் போய் மாட்டிக்கொள்கிறார். அதற்குள் பாறையும் சூடேறியிருக்கும். வெயில் மேலிருந்தும் பாறையிலிருந்தும் சேர்ந்து தாக்கும்.

உடம்பில் என்ன இருக்க வேண்டும்

வெயில் சுட்டெரிக்கும்போது ஜாக்கெட்டைக் கழற்றிப் பின்னால் கட்டிவிட்டு டி-ஷர்ட்டோடு ஓட்டுவதைப் பார்க்கிறோம். விழுந்தால் தோல் உரியும் என்பது ஒரு பக்கம். ஆனால் வெயிலைத் தணிக்கவும் அது உதவாது. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை காற்று பட்டால் உடம்பு ஆறும். 38 டிகிரிக் காற்று உடம்பின் மேல் வெப்பத்தைக் கொண்டுவந்து கொட்டும். வியர்வையோ ஊறிய கணமே காய்ந்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டே லிட்டர் கணக்கில் நீரை இழந்துகொண்டிருப்பீர்கள்.

இதற்கு மலிவான மருந்து ஈரம். வலைத்துணி ஜாக்கெட்டுக்கு உள்ளே பருத்திப் பனியனை நன்றாக நனைத்துப் பிழிந்து போட்டுக்கொள்ளுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும் வேலை செய்கிறது. உள்மாவட்டங்களின் உலர்ந்த வெயிலில் நன்றாகவே பலிக்கும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு பலிக்காது. ஜாக்கெட்டின் முன்பக்க ஜிப்பை முழுக்கத் திறந்து வைத்தால் பனியன் பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பாதி மூடி வைத்தால் அரைமணி நேரம் தாங்கும். கழுத்தில் ஈரத்துண்டு கட்டலாம், ஆனால் முனைகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். தொங்கும் துண்டு செயினில் சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து.

தண்ணீர் ஒரு ஆளுக்கு ஐந்து லிட்டர். அதில் மூன்று லிட்டர் முதுகுப் பையில், உறிஞ்சு குழாயோடு. பைக்கில் கட்டிய பாட்டிலை எடுக்க நிற்க வேண்டியிருப்பதால் ‘அடுத்த வளைவில் குடிக்கலாம்’ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போவோம். குழாய் வாய்க்கருகே இருந்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் தானாக உள்ளே போகும். தாகம் எடுக்கும்வரை காத்திருந்தால் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கக் குடிப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போகிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு எடுத்துப் போங்கள். ஒரு பொட்டலத்தை எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்று அதன் மேலேயே போட்டிருக்கும். அதே அளவில் கலக்குங்கள், குறைத்துக் கலக்க வேண்டாம். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டி. இதெல்லாம் வருவதற்கு முன்பே நம்மிடம் மோர் இருந்தது, நீராகாரம் இருந்தது. காலையில் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் மோரோடு குடித்துவிட்டு ஏறுகிறவர் பத்து மணிக்கும் தெம்பாக இருக்கிறார். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவர் எட்டரைக்கே நெளிகிறார். கலர், எனர்ஜி டிரிங்க் எதுவும் வேண்டாம். முந்தின இரவு மது அருந்தியவர் மறுநாள் இந்த வழிக்கு வரவே வேண்டாம்.

வெயில் ஆளைத் தாக்கும்போது முதலில் போவது கைகால் அல்ல, நிதானம். கூட வருபவர் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார், தேவையில்லாத இடத்தில் கியர் மாற்றுகிறார், எளிய வளைவில் அகலமாகப் போகிறார் என்றால் அவரை உடனே நிறுத்துங்கள். தலைவலி, குமட்டல், கால் தசை இழுத்தல் இருந்தால் நிழல், ஓ.ஆர்.எஸ்., ஒரு மணி நேர ஓய்வு. பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்பது தெரியாமல் விழித்தால், அது வெப்ப வாதம். உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிட்டதன் அடையாளம் அது, உயிர் போகும் நிலை. ஜாக்கெட், பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றி, இருக்கும் தண்ணீர் முழுவதையும் உடம்பின் மேல் ஊற்றி விசிறுங்கள். தெளிவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறும். 108-க்கு அழையுங்கள். சிக்னல் இல்லையென்றால் ஒருவர் சிக்னல் உள்ள இடத்துக்குப் போக வேண்டும், ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இதனால்தான் இந்த வழிக்கு மூன்று பேராவது போகச் சொல்கிறேன். அருகிலுள்ள அரசு மருத்துவமனை எங்கே என்பதை ஏறும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டிக்கும் வெயில் உண்டு

எந்த வண்டி என்பது இந்த நூலின் வேறொரு அத்தியாயம். சுருக்கமாகச் சொன்னால் எக்ஸ்பல்ஸ் 200 வகை வண்டி 160 கிலோவைச் சுற்றி, ஹிமாலயன் 200 கிலோவை ஒட்டி. இந்த நாற்பது கிலோ வித்தியாசம் தார்ச்சாலையில் தெரியாது. பத்தரை மணி வெயிலில் மூன்றாவது முறை வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது நன்றாகத் தெரியும்.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு ஓட்டம்தான் விசிறி. பத்து கிலோமீட்டர் வேகத்தில் முதல் கியரில் ஏறும்போது எஞ்சினில் பிறக்கும் வெப்பம் அதிகம், அதைக் கொண்டுபோகும் காற்று குறைவு. கூடவே பாதிக் கிளட்ச் பிடித்தால் கிளட்ச் தட்டுகளும் எரியும். கிளட்ச் நெம்புகோலின் தளர்வு மாறியிருந்தால், எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி ஏறாமல் நின்றால், கருகிய வாடை வந்தால், நிறுத்துங்கள். நிழலில், காற்று வரும் திசையைப் பார்த்து வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிடம் விடுங்கள். சூடான எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரை நீங்கள் குடியுங்கள், வண்டி தானாக ஆறும்.

டயர் காற்றைக் காலையில், ஓட்டத் தொடங்கும் முன், குளிர்ந்த டயரில் பாருங்கள். ஹிமாலயனுக்குத் தார்ச்சாலையில் முன்னே 25, பின்னே 32 பி.எஸ்.ஐ. என்றால், சரளைத் தடம் தொடங்கும் இடத்தில் முன்னே 20, பின்னே 25 அளவுக்கு இறக்கலாம். இன்னும் இறக்கினால் பாறை விளிம்பில் ட்யூப் நசுங்கிப் பஞ்சராகும். வெயிலில் சூடான டயரில் அளவு கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்காதீர்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி நிரப்பச் சிறிய கைப்பம்பு வேண்டும். இந்த வகை வண்டிகள் பலவற்றில் ட்யூப்தான் இருக்கிறது. ட்யூப்லெஸ் டயருக்கான திரி செருகும் கிட்டை மட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்களை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. முன்சக்கர அளவில் ஒரு மாற்று ட்யூப், இரண்டு டயர் கம்பி, ஒட்டுப் பசை. மாற்று ட்யூப் ஒன்றே ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்றால் 21 அங்குல ட்யூபை எடுங்கள். அவசரத்துக்கு அதைப் பின்சக்கரத்துக்குள் மடித்துத் திணித்து ஊர் சேரலாம். பின்சக்கர ட்யூபை முன்சக்கரத்துக்கு இழுத்து மாட்ட முடியாது.

தடத்தின் தன்மை

இந்த மலைகளில் நீங்கள் சந்திக்கும் தரை நான்கு வகை. செம்மண் தடம் காய்ந்திருக்கும்போது புழுதி, நனைந்தால் வழுக்கல். பாறைத் தட்டு பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் டயர் நன்றாகப் பிடிக்கும். செங்குத்தான சிமென்ட் சாலை, ஊர் நுழைவுகளில். நான்காவதுதான் எமன்: ஜல்லி கொட்டி உருளை ஓட்டிவிட்டு, தார் போட நிதி வராமல் மாதக்கணக்கில் கிடக்கும் சாலை. ஒன்றரை இஞ்ச் ஜல்லி சக்கரத்தின் கீழ் உருண்டுகொண்டே இருக்கும். இங்கே எழுந்து நின்று ஓட்டுங்கள். முழங்கால்கள் டேங்கை அணைக்கட்டும், கைகள் தளர்வாக இருக்கட்டும். ஹேண்டில்பார் கொஞ்சம் அலையத்தான் செய்யும், அலையட்டும். அதை இறுக்கிப் பிடிக்கிறவர்தான் விழுகிறார். கண் முன்சக்கரத்துக்கு அடியில் இருக்கக்கூடாது, இருபது அடி தள்ளி இருக்க வேண்டும். முன்பிரேக்குக்கு ஒரு விரல் போதும்.

ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்சைப் பிடிக்காதீர்கள். கியரிலேயே விட்டால் வண்டி அங்கேயே நிற்கும். கிளட்சைப் பிடித்து முன்பிரேக்கை மட்டும் நம்பினால், முன்சக்கரம் பூட்டியபடியே வண்டி பின்னோக்கிச் சறுக்கும். மேட்டுப் பக்கக் காலை ஊன்றி, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பிக் கீழே இறங்கி மறுபடி முயலுங்கள். வண்டி விழுந்தால் உடனே தூக்காதீர்கள். முதலில் எஞ்சினை அணையுங்கள், தண்ணீர் குடியுங்கள், கூட்டாளி வரட்டும். தனியாகத் தூக்குவதானால் சீட்டுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹேண்டில்பாரையும் பின்கம்பியையும் பிடித்து, கால்பலத்தில் எழுந்தபடி பின்னோக்கி நடங்கள்.

புழுதியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு போவது முட்டாள்தனம். முன்னால் போனவர் கிளப்பிய புழுதி அடங்கும்வரை நில்லுங்கள். திருப்பம் வரும் இடத்திலெல்லாம் முன்னால் போகிறவர், பின்னால் வருகிறவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். இந்த ஒரு வழக்கத்தைப் பிடித்தால் யாரும் தொலைய மாட்டார்கள்.

காடும் ஊரும்

காப்புக்காட்டுக்குள் போகும் தடம் வரைபடத்தில் கோடாகத் தெரிந்தாலும் அது நமக்கான வழி இல்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். ஊரையும் ஊரையும் இணைக்கும் பொதுவழியிலேயே இந்த மலையில் ஒரு நாளுக்குத் தேவையான கரடுமுரடு தாராளமாக இருக்கிறது. சோதனைச்சாவடியில் பையைத் திறக்கச் சொன்னால் திறங்கள். சந்தனமரம் இந்த மலையின் பழைய செல்வம், அதைக் கடத்தாமல் காக்கும் விழிப்பு இன்னும் இருக்கிறது.

கோடையில் காட்டுக்குள் நுழையாமல் இருக்க இதைவிடப் பெரிய காரணம் தீ. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை மறக்க முடியாது. கோடைக் காட்டில் இடுப்பளவு புல் காய்ந்து நிற்கும். பி.எஸ். 6 வண்டிகளின் சைலன்சரில் இருக்கும் வினையூக்கி நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கிறது. காய்ந்த புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள், வெற்றுத் தரையில் அல்லது பாறையில் நிறுத்துங்கள். சைலன்சருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் சிக்கிய சருகை ஒவ்வொரு நிறுத்தத்திலும் குச்சியால் தள்ளிவிடுங்கள். சிகரெட் பற்றவைப்பவரைக் குழுவில் சேர்க்காதீர்கள். மலையில் எங்காவது புகை தெரிந்தால் அன்றைய பயணம் முடிந்தது, வந்த வழியே இறங்குங்கள்.

வழி கேட்கும்போது இரண்டு பேரிடம் கேளுங்கள். “தோ, கூப்பிடு தூரம்தான் தம்பி” என்று பெரியவர் சொன்னால் அது அவர் கால்கணக்கு. வண்டி போகுமா என்று கேட்டால் “போகும்” என்பார், அவர் மனதில் இருப்பது அவர் பேரனின் எக்ஸ்எல் மொபெட். இந்த மலைகளில் உண்மையான சாகச வண்டி அதுதான். 100 சி.சி.யைக்கூட எட்டாத எஞ்சின், கியர் கிடையாது, முன்னால் இரண்டு சாமை மூட்டை, பின்னால் மனைவி, காலில் ரப்பர் செருப்பு. நாம் மூச்சு வாங்க நிற்கும் ஏற்றத்தில் அது சாவகாசமாகத் தாண்டிப் போகும். அந்த ஓட்டுநர் எந்தக் கல்லின் மேல் சக்கரத்தை ஏற்றுகிறார் என்று பாருங்கள், பயிற்சி முகாமில் சொல்லித்தராத பாடம் அது.

ஊருக்குள் இருபதுக்கு மேல் போகாதீர்கள். சாலையில் புளி காயும், தானியம் காயும், ஆடு படுத்திருக்கும். மலையாளி பழங்குடி மக்களின் வீடுகளைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். தண்ணீர் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். கோடையில் அவர்களே தொலைவிலிருந்து சுமந்து வந்திருக்கலாம் என்பதால் குடிக்கும் அளவு மட்டும் கேளுங்கள். பனியன் நனைக்கும் தண்ணீர் உங்களுடையதாக இருக்கட்டும்.

இறங்கும் நேரம்

மூன்று மணிக்கு வானத்தைப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை மாலையில்தான் கொட்டும். மேகம் கறுத்துத் திரண்டு காற்று திசை மாறினால் மண் தடத்தை மறந்துவிட்டுத் தார்ச்சாலையில் நேரே இறங்குங்கள். மழையின் முதல் பத்து நிமிடம் புழுதியும் எண்ணெயும் கலந்த வழுக்கல். காலையில் காய்ந்து கிடந்த ஓடை, மேலே பெய்த மழையில் உங்கள் முன் சிவப்பாக ஓடினால் இறங்கிக் கடக்காதீர்கள், வடியும்வரை காத்திருங்கள். இடி முழங்கும்போது தனிமரத்தடியில் நிற்க வேண்டாம்.

மழை இல்லாவிட்டால் மூன்றரைக்கு மேல், பனியனை மறுபடி நனைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிக் கைவிடும். டாட் 4 பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசானால் 155 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கும். நெம்புகோல் பஞ்சுபோல் உள்ளே போனால் அதுதான் நடக்கிறது என்று பொருள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றிவிடுங்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும்.

போளூரில் நிறுத்தியதும் டயர் காற்றைச் சரிபார்த்து, செயினில் படிந்த செம்மண்ணைத் துணியால் துடைத்து எண்ணெய் விடுங்கள். ஏர் ஃபில்டரை வீட்டில் கழற்றித் தட்டிப் பாருங்கள், காகித வகை என்றால் கழுவக்கூடாது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் உடம்பில் நீர் இன்னும் குறைவாக இருக்கிறது. சென்னைக்கோ பெங்களூருக்கோ அன்றிரவே ஓட்டித் திரும்பும் எண்ணத்தை விட்டுவிட்டு, போளூரிலோ திருவண்ணாமலையிலோ அறை எடுத்துத் தூங்கி விடியற்காலையில் கிளம்புங்கள்.